இரும்பை ஒதுக்காத கருவி

ஓய்வு பெற்ற பிறகு வயலில் பழம்பொருள் தேட மெட்டல் டிடெக்டர் வாங்கலாமா என்று யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் தோளைப் பற்றித்தான் கேட்பேன். எந்தத் தோள் வலிக்கிறது, எந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. விலை, ஆழம், திரை எல்லாம் அப்புறம். கடையில் தூக்கிப் பார்த்தால் எல்லாக் கருவியும் பூ மாதிரிதான் இருக்கும். நாலு மணி நேரம் ஈர உழவில் இடமும் வலமுமாக வீசிப் பாருங்கள், அப்போது தெரியும்.

எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டரம்மா, நீங்கள் கேட்ட கேள்வி அதுதான். கிளைவ் ஹட்டனுக்கு அந்தக் கருவியை வாங்கச் சொன்னது யார் என்றீர்கள். நான்தான், வில்ஃப் ஸ்க்ரிம்ஷா. மறைக்க ஒன்றுமில்லை. வக்கீல் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டேன். தேநீர் போதும். அடுத்த கோப்பையில் பால் கொஞ்சம் கூட இருக்கட்டும்.

சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்தவன் நான். இங்கே லிங்கன்ஷயரில் எங்கள் டிடெக்டர் சங்கத்தில் யார் புதிதாகச் சேர்ந்தாலும் என்னிடம்தான் அனுப்புவார்கள். கிளைவும் அப்படித்தான் வந்தான், மூன்று வருஷத்துக்கு முன்னால். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"யோவ் வில்ஃப், இன்னும் ஒரு வாரம் வீட்ல உட்கார்ந்தேன்னா என் பொண்டாட்டி என்னை அலமாரிக்குள்ள வெச்சுப் பூட்டிடுவா. ஏதாவது ஒண்ணு வாங்கிக் குடுய்யா."

"தோள் எப்படி இருக்கு?"

"தோள் நல்லாத்தான் இருக்கு. முட்டிதான் பேச்சு கேக்க மாட்டேங்குது."

அவனுக்கு மடக்கக்கூடிய, எடை குறைந்த கருவி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். முக்கியமாக, இரும்பை ஒதுக்கும் கருவி. எங்கள் ஊர் மண்ணில் லாடம், ஆணி, வேலிக்கம்பி, கலப்பைத் துண்டு என்று இரும்புதான் அதிகம். ஒவ்வொன்றுக்கும் கூவினால் புது ஆள் ஒரே மாதத்தில் கருவியை விற்றுவிடுவான். அதனால் எங்கள் சங்கத்தில் எல்லோருடைய கருவியும் இரும்புக்கு ஊமை. செம்பு, வெள்ளி, வெண்கலம் என்றால்தான் வாய் திறக்கும். நல்ல தேர்வு அது. அவனுக்குப் பொருத்தமாகவும் இருந்தது.

உண்மையில் கருவி இரண்டாம் பட்சம், அம்மா. முதலில் வேண்டியது நிலம். விவசாயி ஒருவர் 'என் வயலில் தேடிக்கொள்' என்று சொல்ல வேண்டும். அதற்கு நாங்கள் அனுமதி என்று பெயர் வைத்திருக்கிறோம். காகிதம் கிடையாது, கை குலுக்கல்தான். அது இல்லாதவன் உலகத்திலேயே நல்ல கருவியை வைத்துக்கொண்டு கடற்கரையில் பாட்டில் மூடி பொறுக்க வேண்டியதுதான்.

ரோலண்ட் லெகட்டின் நிலத்தில் எனக்கு இருபத்திரண்டு வருஷ அனுமதி. அதைச் சும்மா வாங்கவில்லை. ஆட்டின் குளம்பில் ஏறாமல் இருக்க அவர் வயலின் பழைய கம்பியெல்லாம் பொறுக்கினேன். அவர் இடுப்பு முறிந்து கிடந்தபோது பத்து வாரம் தீவனம் சுமந்தேன். ஆடு குட்டி போடும் பருவத்தில் முழங்கை வரை கையை விட்டுக் குட்டியை வெளியே இழுத்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் வந்தால், அந்த வருஷம் அவர் மண்ணில் கிடைத்ததைக் கண்ணாடிச் சட்டத்தில் பஞ்சு வைத்து அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் மையில் பெயர் எழுதிக் கொடுப்பேன். நில உரிமையாளருக்கு அப்படிக் கொடுப்பது எங்கள் வழக்கம். என்னுடைய கையெழுத்து அழகாக இருக்காது. ஒரு சீட்டை ஐந்தாறு தடவை எழுதிப் பார்ப்பேன்.

அந்த நிலத்துக்குக் கிளைவை விருந்தாளியாகக் கூட்டிப் போனேன். கூட்டிப் போனவனை விட்டுவிட்டு அவனுடைய விவசாயியிடம் தனியாகப் போய்ப் பேசக் கூடாது. அதையும் யாரும் எழுதி வைத்ததில்லை. எல்லோருக்கும் தெரியும்.

போன வருஷம் கோதுமை அறுத்த வாரம். எப்போதும்போல ரோலண்டின் முற்றத்தில் காரை நிறுத்தினேன். நாய்க்குச் சோறு எடுத்துக்கொண்டு வந்தார்.

"வா வில்ஃப். நல்லவேளை நீயே வந்துட்ட, போன் பண்ற வேலை மிச்சம். இனிமே கிளைவ் மட்டும் வரட்டும், என்ன?"

எனக்குப் புரியவில்லை. "எதுக்கு மட்டும்?"

"தேடறதுக்குத்தான்யா. ஒருத்தன்னா எனக்கும் சுலபம். அவன் பாரு, வயல் வயலா கம்ப்யூட்டர்ல கலர்ப் படம் போட்டுக் குடுத்திருக்கான். எங்க என்ன கிடைச்சுதுன்னு புள்ளி வெச்சு. படிச்சவன் படிச்சவன்தான்."

"இருபத்திரண்டு வருஷம், ரோலண்ட்."

"ஆமா, இருபத்திரண்டு வருஷமா ஆணி பொறுக்கின. போதும்யா. போய் ஓய்வெடு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. சாதாரணமாகத்தான் சிரித்தார். வலித்தது அதுதான். பிறகு நாய்க்கூண்டுப் பக்கம் குனிந்தார், நானும் பார்த்தேன். கூண்டின் கூரையில் ஓட்டை விழுந்திருக்கிறது. அதன் மேல் ஒரு பலகையை வைத்து ஆணி அடித்திருக்கிறார். என்னுடைய சட்டம். கண்ணாடி இல்லை, பஞ்சு இல்லை. கீழ்ப்பக்கம் ஒரு சீட்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. 'பன்னிரண்டு ஏக்கர் வயல், தெற்கு ஓரம். தையல் விரலுறை.' நாயின் மூச்சு பட்டு மை கலங்கியிருந்தது.

நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"அதுவா? மழையில நாய் நனையக் கூடாதில்ல."

"அதுல இருந்த விரலுறை?"

"எங்கயாவது கிடக்கும் போ."

நான் கத்தவில்லை. கத்துகிற ஆள் இல்லை நான். ஆலையில் ஒருவன் என் விரல் மேல் இயந்திர மூடியைப் போட்டபோதுகூட, 'கொஞ்சம் தூக்கு' என்றுதான் சொன்னேன். நாயைத் தடவிக் கொடுத்தேன், வண்டியை எடுத்தேன், வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து வாயில் எதை வைத்தாலும் துரு ருசித்தது. ரொட்டி, தேநீர், உருளைக்கிழங்கு, எல்லாம். மருத்துவர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அவருக்கு எப்படித் தெரியும்?

இப்போது அந்தப் பன்னிரண்டு ஏக்கர் வயலுக்கு வருகிறேன்.

பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு குளிர்காலம். வயலில் கிடைக்க வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது போலிருந்தது. சும்மா ஒரு மாற்றத்துக்கு, கருவியில் அந்த ஒதுக்கலை அணைத்துவிட்டு, இரும்பையும் சேர்த்துத் தேடிப் பார்த்தேன். வடக்கு மூலையில் மாட்டுக் குரல் மாதிரி அகலமாக ஒரு சத்தம். தோள் மறையும் அளவுக்குத் தோண்டினேன். இரும்பு உடம்பு, பன்றி வயிறு மாதிரி உருண்டை. ஒரு முனையில் வளையம் இருந்தது. கட்டைவிரலால் மண்ணைத் துடைத்தேன். பித்தளை, பச்சை ஏறியிருந்தது. இந்தப் பக்கம் முழுவதும் போர்க்கால விமானத்தளங்கள் இருந்த இடம், குண்டு விழுந்த வயல்கள் ஏராளம். அது என்ன என்று கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டியதில்லை.

மண்ணைத் திரும்பப் போட்டு, மேலே மிதித்து, புல் கட்டியையும் வைத்துவிட்டு வந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் ராணுவம் வரும், கயிறு கட்டுவார்கள், ஒரு பருவம் முழுவதும் உழவு நிற்கும். அப்புறம் டிடெக்டர்காரன் என்றாலே ரோலண்டுக்கு எரிச்சல் வரும். அனுமதி போயிருக்கும். இப்படி வாயை மூடிக்கொண்டவன் நான் மட்டும் என்று நினைக்கிறீர்களா? கலப்பை அந்த ஆழத்துக்குப் போகாது. ஒவ்வொரு வருஷமும் அவர் டிராக்டரில் அந்த மூலையைத் தாண்டும்போது நான் வேலி ஓரத்தில் நின்று பார்ப்பேன். தாண்டியதும் வீட்டுக்குப் போவேன். என் பொறுப்பை நான் அப்படிச் செய்தேன்.

பிப்ரவரியில் கிளைவ் என் வீட்டுச் சமையலறைக்கு வந்தான். வெட்கம் என்று ஒன்று இல்லை. பிஸ்கட் டப்பாவை அவனே திறந்துகொண்டான்.

"மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதய்யா. ரோலண்டே கேட்டாரு, நான் என்ன பண்றது?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லாததுதான் பயமா இருக்கு. சரி அத விடு. இந்தக் கருவி ஆழம் போதலை. மேல கிடந்ததெல்லாம் நீ எடுத்துட்ட. கீழ இருக்கறத எடுக்க எது வாங்கலாம்?"

கேட்டான், பதில் சொன்னேன். ஆழத்துக்கு என்றே ஒரு வகை இருக்கிறது. மற்றக் கருவிகளை விட இரண்டு மடங்கு கீழே போகும். ஒரே குறை, அதற்கு இரும்பும் தங்கமும் ஒன்றுதான். எதையும் ஒதுக்காது. எல்லாவற்றையும் தோண்டித்தான் பார்க்க வேண்டும். இதையும் அவனிடம் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள், குறையையும் சொன்னேன்.

"அப்போ இரும்புன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"நிறத்தப் பாரு. பச்சை தெரிஞ்சா வெண்கலம். பச்சை தெரியற வரைக்கும் விடாம தோண்டு. பழைய காலத்துல பானையில போட்டுப் புதைச்சது எல்லாம் அப்படித்தான் கிடைச்சிருக்கு."

"நீ சரியாத் தேடாத இடம் எதாவது இருக்கா?"

"பன்னிரண்டு ஏக்கர்ல வடக்கு மூலை. அங்க நான் எதையும் வெளிய எடுத்ததில்லை."

இதில் பொய் எங்கே இருக்கிறது, காட்டுங்கள். வெண்கலம் பச்சையாகும். பித்தளையும் ஆகும் என்று அவன் கேட்கவில்லை. தலைமையாசிரியர், கேட்டிருக்கலாம்.

எடையைப் பற்றியும் எச்சரித்தேன், தோள்பட்டைப் பட்டை ஒன்று சேர்த்து வாங்கச் சொன்னேன்.

மார்ச் மாதம் பதினான்காம் தேதி, காலை பதினொன்று பத்துக்கு அவன் போன் செய்தான். நாலு நிமிஷம் பேசினோம். அந்த நாலு நிமிஷத்தை வைத்துத்தானே என்னைத் தேடி வந்தீர்கள்?

"வில்ஃப், பச்சை தெரியுது. சத்தியமா பச்சைய்யா." மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு தெரியுது?"

"வளையம் மாதிரி ஒண்ணு, கட்டைவிரல் அகலம். கீழ இன்னும் பெருசா, உருண்டையா போகுது. பானையா இருக்குமா?"

"இருக்கலாம்."

இருக்கலாம் என்றுதான் சொன்னேன். மண்ணுக்குள் இருப்பதை யார் உறுதியாகச் சொல்ல முடியும்?

"என்ன பண்ணட்டும்? கையாலயே தோண்டட்டுமா?"

"கையை எடு. ஒண்ணும் தொடாதே. ரோலண்ட் எங்க?"

"தொழுவத்துல. ஆடு குட்டி போடுது."

"அவரக் கூப்பிடு. உரிமையாளர் பக்கத்துல இல்லாம பெரிய பொருள வெளிய எடுக்கக் கூடாது. கடைசி மண்ண அவர்தான் எடுக்கணும். மண்வெட்டிய அவர் கையில குடு."

இதுவும் எங்கள் வழக்கம்தான். சங்கத்தில் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள்.

மண்வெட்டியை அவன் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னான், "உனக்கு என் மேல கோபம் இருக்கும்னு நெனச்சேன். நீ பெரிய மனுஷன்யா வில்ஃப்."

"போய் அவரக் கூட்டிட்டு வா" என்றேன்.

ரோலண்டைத் தெரிந்தவர்களுக்கு அவர் மண்வெட்டி பிடிக்கும் விதம் தெரியும். சுரண்ட மாட்டார். நேர்ப்பிடி மண்வெட்டியின் தகட்டில் காலை வைத்து முழு எடையையும் இறக்குவார். நான் கெட்டிலை வைத்தேன். பதினொன்று முப்பத்தாறுக்குச் சமையலறை ஜன்னல் அதிர்ந்தது. எங்கள் வீடு அங்கிருந்து இரண்டு மைல்.

உங்கள் தாளில் எப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று படித்துக் காட்டினீர்களே, அதில் ஒரு தப்பு இருக்கிறது. அனுமதியைப் பறித்த கிளைவைக் கொல்ல நான் திட்டமிட்டேன் என்றும், ரோலண்ட் லெகட் துரதிர்ஷ்டவசமாக அங்கே வந்துவிட்டார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். திருத்திக்கொள்ளுங்கள். கிளைவ் மேல் எனக்குப் பெரிதாகக் கோபம் இல்லை. புதிதாக வந்தவன், ஆசைப்பட்டான், நாங்கள் எல்லோரும் ஆசைப்படுகிறவர்கள்தான். அவன் அந்த மூலைக்குத் தேவைப்பட்டான், அவ்வளவே. நான் கூப்பிட்டால் ரோலண்ட் வந்திருக்க மாட்டார். கருவியைத் தேர்ந்தெடுத்தது கிளைவுக்கு. மண்வெட்டி ரோலண்டுக்கு. நாய்க்கூண்டைப் பார்த்த அன்றே அது முடிவாகிவிட்டது. சரியான ஆள், சரியான கருவி, சரியான மண். இத்தனை வருஷமாக நான் செய்துகொண்டிருந்ததும் அதுதானே.

கையெழுத்துப் போட எங்கே என்று காட்டுங்கள்.

அப்புறம் ஒன்று. ரோலண்டுக்குப் பிள்ளைகள் இல்லை. நிலம் லீட்ஸில் இருக்கிற அவருடைய தங்கை மகளுக்குப் போகும் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பெண்ணின் முகவரி உங்களிடம் இருக்கும் இல்லையா? ஒரு கடிதம் எழுத வேண்டும். அவசரம் ஒன்றுமில்லை, துக்கம் ஆறட்டும். ஆனால் அத்தனை ஆழத்து மண் மேலே வந்து கிடக்கிறது. அனுமதியை வேறு யாராவது கேட்டுவிடுவதற்குள் நான் கேட்டுவிட்டால் நல்லது.