லத்தீன் சந்தையில் ஒரு மகள்

— புத்தகத்தை எல்லாம் அலமாரில வெச்சுப் பூட்டிட்டேங்க. இன்னைக்கு யாரும் எழுத வேண்டாம்னுட்டேன். பசங்க முகத்தை நீங்க பார்த்திருக்கணும்.

— இரு, இரு. கையெல்லாம் கிரீஸ். கழுவிக்கிறேன். செருப்பைக்கூடக் கழட்டாம பேசிட்டு இருக்க, டீச்சரம்மா.

— கழுவிக்கிட்டே கேளுங்க. நான் குழாய்கிட்டயே நிக்கிறேன்.

— சரி, தரைத்தளத்துல இருந்து ஆரம்பி. பாதி மாடில ஏத்திவிட்டா எனக்கு ஒண்ணும் புரியாது.

— லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கிட்டா கதையைக்கூட மாடி மாடியாத்தான் சொல்லணும் போல. தரைத்தளம் உங்களுக்குத் தெரிஞ்சதுதானே. இந்த வருஷத்தோட லத்தீன் வகுப்பை மூடிடலாம்னு ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிட்டாங்க. பசங்க தூங்குறாங்களாம்.

— தூங்கத்தான் செய்வாங்க. நீ வீட்டுல அந்த லத்தீன் வாய்ப்பாட்டை முணுமுணுத்தாலே எனக்குக் கொட்டாவி வருது.

— எனக்கே வருதுங்க. அதான் நேத்து யோசிச்சேன். எப்படியும் மூடத்தான் போறாங்க, இனி யாருக்குப் பயப்படணும்? காலையில போற வழியில ஒரு பை நிறைய பன் வாங்கிட்டேன்.

— பன்னா? லத்தீனுக்கா?

— பெஞ்சை எல்லாம் சுவரோரமா தள்ளி வகுப்பையே ஒரு சந்தை ஆக்கிட்டோம். இந்தப் பக்கம் ரொட்டிக்கடை, அந்தப் பக்கம் வைத்தியர் வீடு, நடுவுல கிணறு. குப்பைக்கூடைதான் கிணறு. அவங்கவங்களுக்கு என்ன வேஷம்னு சீட்டு எழுதி டப்பாவுல போட்டுக் குலுக்கினேன். சந்தைக்குள்ள வந்தா லத்தீன் மட்டும்தான். வேற பேச்சு வந்தா வெளியே போய்த் திரும்ப வரணும்.

— சரி, அடுத்த மாடி.

— ரொட்டி வேணும்னா சரியாக் கேக்கணும். ‘பானிஸ்’னு கேட்டா கடைக்காரி உதட்டைப் பிதுக்கிட்டு நின்னுக்கிட்டே இருப்பா. ‘பானெம்’னு கேட்டாத்தான் கைக்கு வரும்.

— ரெண்டும் ரொட்டிதானே? ஏன் அந்தப் பாடு படுத்துற?

— நீங்க கடையில போய் ‘திருடன் பிடிங்க’ன்னு கத்துவீங்களா, ‘திருடனைப் பிடிங்க’ன்னு கத்துவீங்களா?

— திருடனைன்னுதான்.

— அந்த ‘ஐ’ இருக்கு பாருங்க, அதுதான் அவங்களுக்கு அந்த ‘எம்’. இத்தனை நாளா போர்டுல கட்டம் போட்டு இதைத்தான் சொல்லிட்டு இருந்தேன், ஒருத்தர் மண்டையிலயும் ஏறல. இன்னைக்குப் பசியில ஏறிடுச்சு. பின் பெஞ்சுல எப்பவும் தூங்குவானே ஒரு நெட்டையன், அவன்தான் திருடன். பன்னைத் தூக்கிட்டு ஓடினான். ‘ஃபூர்’னா திருடன். மொத்த வகுப்பும் ‘ஃபூரெம், ஃபூரெம்’னு துரத்துது. யாரும் ஒரு தப்புக்கூடப் பண்ணல. எனக்குக் கால் தரையில நிக்கல.

— அந்தச் சத்தத்துக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் வரலியா?

— வராம? கதவைத் திறந்தாங்க, நெட்டையன் அவங்க பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிட்டான். முடிஞ்சுது நம்ம கதைன்னு நினைச்சேன். அதுக்குள்ள வைத்தியர் வேஷம் போட்ட பொண்ணு நேரா அவங்ககிட்ட போயி, தன் வயித்தைத் தொட்டு, முட்டியைத் தொட்டு, எங்க வலிக்குதுன்னு லத்தீன்ல கேட்டா.

— அடப்பாவமே. அவங்க என்ன பண்ணாங்க?

— அவளைப் பார்த்தாங்க. அப்புறம் மெதுவாத் தன் நெத்தியைத் தொட்டுக் காட்டினாங்க.

— இந்தச் சத்தத்துல அவங்களுக்கு வேற எங்க வலிக்கும்?

— சிரிக்காதீங்க. அவ்வளவுதான், வகுப்பு கூரை பிச்சுக்கிட்டுப் போற மாதிரி சிரிச்சுது. அவங்க ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டாங்க. மணி அடிச்சதும் போகும்போது, அடுத்த வருஷமும் நடத்துங்க, ஆனா மைதானத்துல நடத்துங்கன்னாங்க.

— அதைச் சொல்றதுக்கா இவ்வளவு நேரம்? வகுப்பு பிழைச்சுதுன்னு வாசல்லயே சொல்லியிருக்கலாமே, டீச்சரம்மா. வா, உட்காரு. டீ போடுறேன்.

— இன்னும் மேல் மாடி இருக்குங்க. அதைச் சொல்லத்தான் ஓடி வந்தேன்.

— ஏன் குரலைக் குறைக்கிற?

— உங்க பொண்ணு அறையில இருக்காளா?

— குளிக்கிறா. ஏன், வகுப்புல எதாவது பண்ணிட்டாளா?

— டப்பாவுல சீட்டு எழுதிப் போட்டேன்னு சொன்னேன்ல. ஒரு பையன் காய்ச்சல்னு வரல. அதனால ஒரு சீட்டு மிஞ்சிடுச்சு. நானே எடுத்துப் பிரிச்சேன். ‘மாத்தெர்’. அம்மா.

— ம்.

— சந்தையில தொலைஞ்சுபோன மகள்னு ஒரு வேஷம் வெச்சிருந்தேன். அவ கடை கடையா ஏறி, என் அம்மா எங்கன்னு கேட்டுக்கிட்டே வரணும். அந்தச் சீட்டு உங்க பொண்ணு கையில இருக்கு.

— ஐயோ.

— எனக்கும் அப்படித்தான் இருந்துது. இந்த வீட்டுக்கு நான் வந்ததுல இருந்து அவ என்னைச் சித்தின்னுகூடக் கூப்பிட்டதில்ல. ஸ்கூல்ல டீச்சர். வீட்டுல அதுவும் இல்ல. ‘அப்பா, சாப்பாடு ரெடியான்னு கேளுங்க’ன்னு என் முன்னாடியே உங்ககிட்ட சொல்லுவா.

— அவ அம்மா போனதுக்கப்புறம் அந்த வார்த்தையே அவ வாயில வரல. உன்னை மட்டும் இல்ல. ஸ்கூல் நாடகத்துல வந்தாக்கூட அந்த வரியை முழுங்கிடுவா.

— தெரியும். அதான், வேற யாராவது மகளா நடிக்கட்டும்னு சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள சந்தை ஆரம்பிச்சிடுச்சு, அவ ரொட்டிக்கடை முன்னாடி நிக்கிறா. ‘உபி எஸ்த் மாத்தெர் மெயா?’ன்னு கேக்குறா. என் அம்மா எங்கன்னு. கடைக்காரி வைத்தியர் வீட்டைக் காட்டுறா. அங்க போய்க் கேக்குறா. கிணத்துக்கிட்ட கேக்குறா. ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் கொஞ்சமா ஏறுது. வகுப்பு அப்படியே அடங்கிப்போச்சு.

— அப்புறம்?

— என் முன்னாடி வந்து நின்னா. கண்ணு நேராப் பார்த்துது. ‘மாத்தெர், தே க்வைரோ’ன்னா.

— அப்படின்னா?

— அம்மா, உன்னைத்தான் தேடுறேன்.

— ...நீ என்ன சொன்ன?

— எனக்கு ஒண்ணுமே வரலங்க. இத்தனை வருஷமா லத்தீன் சொல்லிக்குடுக்குறேன், ரெண்டு வார்த்தை வரல. நெட்டையன்தான் பின்னாடி இருந்து எடுத்துக் குடுத்தான், ‘ஹீக் சும், டீச்சர், ஹீக் சும்’னு. இங்கதான் இருக்கேன்னு அர்த்தம். தூங்குற பையன் எனக்கு லத்தீன் சொல்லிக்குடுக்குறான். நான் சொல்லிட்டுத் திரும்பிப் போர்டை அழிக்கிற மாதிரி நின்னுக்கிட்டேன். போர்டுல ஒண்ணுமே எழுதியிருக்கல.

— அழுதியா?

— கொஞ்சம்தான்.

— இங்க பாரு. நான் சொல்றேன்னு கோச்சுக்காத. உன் பிறந்தநாளுக்கு அவ வெளியே சாப்பிட வந்தான்னு நீ வாரம் பூரா பறந்துட்டு இருந்த. அப்புறம் அவ கதவைச் சாத்திக்கிட்டதும் சுருண்டு படுத்துட்ட. மறுபடியும் அப்படி ஆயிடக் கூடாது.

— நான் ஒண்ணும் கேக்கலியே.

— கேக்கல. ஆனா மனசுல கோட்டை கட்டிட்டு இருக்க, முகத்துல தெரியுது. டப்பாவைக் குலுக்கின, சீட்டு வந்துது, அதுல இருந்ததை அவ படிச்சா. வேற சீட்டு வந்திருந்தா பன் வித்திருப்பா. அவ்வளவுதான்.

— அவ்வளவுதான்னு எனக்கும் தெரியும்ங்க. தற்செயல்தான். ஆனா அந்த வார்த்தை அவ வாயில வந்துதா இல்லையா? தெரியாத பாஷையா இருந்தா என்ன, விளையாட்டா இருந்தா என்ன, வந்துதில்ல? இன்னைக்கு ஒரு சாயங்காலம் நான் சந்தோஷமா இருந்துட்டுப் போறேன். நாளைக்குக் கதவைச் சாத்தினா சாத்தட்டும்.

— சரி, இரு. நான் வேண்டாம்னு சொல்லல. தலை துவட்டிக்கிட்டு வர்றா பாரு. முகத்தைத் துடைச்சுக்கோ.

— அப்பா, டீ இருக்கா?

— கொதிக்குது. வாம்மா, உட்காரு. இன்னைக்கு லத்தீன் வகுப்புல ஒரே அமர்க்களமாமே?

— ஆமாப்பா. ஆனா ரொட்டிக்கடைக்காரி சரியான கஞ்சம். பாதி பன்னை அவளே தின்னுட்டா.

— உனக்குக்கூட பெரிய வேஷம் வந்துதாம். நல்ல அதிர்ஷ்டம்தான் போ.

— அதிர்ஷ்டமா? எனக்கு வந்தது திருடன் சீட்டுப்பா. இவங்க கையில அம்மா சீட்டு இருக்கிறதைப் பார்த்துட்டுத்தான் நெட்டையன்கிட்ட கெஞ்சி மகள் சீட்டை வாங்கிக்கிட்டேன்.