பயந்த பெண்ணே இல்லாத மாவட்டம்

விஸ்கான்சினில் எங்கள் மாவட்டத்தில் இருபத்தாறு வருடமாக ஒரு பெண்கூடத் தன் ஆணுக்குப் பயந்ததில்லை. விசாரிக்க வந்த இடத்தில் சிரிக்காதீர்கள், அம்மணி. ஆவணம் இருக்கிறது. அத்தனை வருடமும் மாவட்ட அலுவலகத்தில் அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தவன் நான்தான், வெர்லின் ஸ்ட்ரோபெல்.

கல்யாணமாகாத பெண் அரசாங்கச் செலவில் பிள்ளை பெற்றால், அந்தச் செலவைத் தகப்பனிடம் வசூலிப்பது எங்கள் வேலை. அதற்கு அவன் பெயர் வேண்டும். பெயர் வாங்குவதில் என்னை மிஞ்ச ஆளில்லை, ஊமையைக்கூடப் பேசவைத்திருக்கிறேன். வெள்ளிதோறும் பாதாம் கிரிங்கிள் ரொட்டி வாங்கி வைப்பேன். இரண்டாவது துண்டில் முழுப்பெயர் வந்துவிடும். மூன்றாவதில் அவன் வேலைசெய்யும் பால்பண்ணை.

பெயரைச் சொன்னால் அடிப்பான் என்று பயப்படுகிறவளுக்கு ஒரு படிவம் உண்டு. அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அவனை நாங்கள் தேடக்கூடாது. கட்டாகத்தான் வந்தது. எங்கள் காபி மேஜைக்கு ஒரு கால் குட்டை. அந்தக் கட்டு அளவெடுத்தாற்போல் அடியில் பொருந்தியது. எடுத்துக் கொடுத்தால் எல்லாரும்தான் கையெழுத்துப் போடுவார்கள். யாரும் கேட்கவுமில்லை.

என் தங்கை மகள் கோரின் வந்தாள், வயிற்றில் எட்டு மாதம்.

"மாமா, டுவைட் பேரை எழுதலைன்னா மருத்துவ அட்டை தரமாட்டாங்களா?"

"எழுதுடா கண்ணு. மாமா இருக்கேன்ல."

"வேற வழியே இல்லையா? நான் எங்கே இருக்கேன்னு தெரிஞ்சா கொன்னுடுவான்."

"அவனா? கொசு அடிக்கவே துணைக்கு ரெண்டு பேரைக் கூப்பிடுவான்."

சிரித்தாள். எழுதினாள். மேஜை ஆடவே இல்லை.

பிள்ளை பிறந்ததும் டுவைட்டுக்கு நீதிமன்றத் தாள் போயிற்று. அதில் அவள் முகவரியை மறைக்க அந்தப் படிவம் வேண்டும். கோப்பில் படிவம் இல்லை. விதிப்படிதான் செய்தேன்.

ஆஸ்பத்திரியில், கம்பி கட்டிய தாடைக்குள்ளிருந்து கோரின் சொன்னாள்: "அவன் கையில உங்க கடுதாசி இருந்துச்சு, மாமா."

டுவைட்தான் அடித்தான் என்று அவள் சொன்னதை ஊரே நம்பியது. நம்பாதவன் நான் ஒருவன்தான். படியில் உருண்டிருப்பாள் என்று வெள்ளிக்கிழமை மீன் விருந்துகளில் மேஜை மேஜையாகப் போய்ச் சொன்னேன். அவளோ உங்களிடம் வந்து என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள். சொந்த ரத்தம், அம்மணி. அதுதான் வலிக்கிறது.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். அவள் சொன்னபடிதான் நடந்தது. அந்த வீட்டில் படியே கிடையாது. டுவைட் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று அதைத் தேடிப் பிடித்து அவளைக் குடிவைத்தவனே நான்தான்.