மிளகின் மூக்கு

— மாமா, மிளக இடுப்புலேந்து எறக்கி வுடுங்க. தானா நடக்கட்டும்.

— கண்ணு தெரியாத நாயை எப்படிப்பா கீழ விடறது, ஜவஹர்? கேட்டுக்குள்ள வரதுக்குள்ளயே பெஞ்சுல முட்டிண்டுடுத்து.

— முட்டிண்டா முட்டிண்டுட்டுப் போறா. தூக்கிண்டே இருந்தா கொழந்தைக்கு எப்படின்னா தைரியம் வரும்? விடுங்கோ.

— விசாலம், நாம பேசினது ஞாபகம் இருக்கா? இன்னிக்கு ஒரு நாள். இந்தப் பார்க்குல ஒளிச்சு வெச்சிருக்கற டப்பாவை இது கண்டுபிடிச்சா நம்மாத்துலயே இருக்கட்டும். இல்லேன்னா மத்தியானம் பெருங்குடி நாய் ஷெல்டர்லேர்ந்து வண்டி வரும், ஏத்தி அனுப்பிடணும். நீதான் சரின்னே.

— சரின்னுதான் சொன்னேன். ஆனா வாயில்லா ஜீவனுக்குப் பரீட்சை வைக்கற ஒரே மனுஷர் மயிலாப்பூர்ல நீங்கதான்.

— எனக்கு மட்டும் ஆசையாடி? கண்ணு போனதுலேர்ந்து கட்டிலுக்கு அடியிலயே படுத்துண்டு, சாதத்தை மோந்துகூடப் பார்க்காம, வாலை ஆட்டாம... என்னால பார்த்துண்டிருக்க முடியலை. அங்கேயாவது பார்த்துக்கத் தெரிஞ்சவா இருக்கா.

— மாமா, மாமி, சண்டைய அப்பால வெச்சுக்கலாம். இந்த போனப் பாருங்க. எங்க டப்பா தேடுற வெளையாட்டு குரூப்புல ஸ்ரீரங்கன்னு ஒர்த்தரு, நேத்துதான் போட்டாரு. புது டப்பா. இந்த ஆத்தங்கர பார்க்குல எங்கியோ ஒளிச்சு வெச்சிக்கிறாரு. இன்னும் யாரும் எடுக்கல. நாம மொதல்ல எடுத்தா உள்ள கீற சீட்டுல மொத பேரு நம்முது.

— எடுத்தா என்ன குடுப்பா?

— ஒண்ணும் கெடையாது மாமா. பேர எழுதிட்டு திரும்ப அங்கியே வெச்சுரணும். அவ்ளோதான்.

— கீழ்வீட்டுக்காரன் சொன்னான்னு, இதுக்கா என்னைக் கார்த்தால எழுப்பி ஆட்டோல கூட்டிண்டு வந்தே, விசாலம்?

— ஆமா, இதுக்குத்தான். ஜவஹர், நீ சொல்லு. எந்தப் பக்கம்?

— பாலத்தாண்ட, மூங்கில் பொதருன்னு காட்டுது மாமி. டேய் ஜிம்மி, வாடா நைனா! எங்க ஜிம்மி மோப்பம் புடிச்சான்னா வேல முடிஞ்சிச்சு.

— உன் ஜிம்மி அணில் பின்னாடி ஓடறான், பாரு.

— டேய்! டேய் ஜிம்மி! இன்னாடா, பெரியவங்க முன்னால மானத்த வாங்குற? இருங்க, அவன இஸ்துக்கினு அப்டியே மூங்கிலாண்ட பாத்துட்டு வந்துர்றேன்.

— மிளகு... வாடி கண்ணா. அம்மா குரல் வர பக்கம் வா. ஏன்னா, வரமாட்டேங்கறா. அப்படியே படுத்துண்டுட்டா.

— நான்தான் சொன்னேனே.

— சொன்னேள், சொன்னேள். கொஞ்ச நேரம் குடுங்கோளேன்!

— குடுத்துண்டுதானே இருக்கேன். இந்த ஆத்து நாத்தத்துல மனுஷாளுக்கே மூக்கு மரத்துப் போயிடறது. இதுல எங்கயோ கெடக்கற ஒரு டப்பாவை இது எப்படி மோந்து... விசாலம்!

— என்ன?

— காதை நிமிர்த்தறது பாரு.

— மூக்கும் ஆடறது! ஏன்னா, எழுந்துண்டுட்டா!

— மாமி, மூங்கில் பூரா தேடிட்டேன், ஒண்ணியும் இல்ல. இந்த போனு ஒரு தபா பாலத்தாண்ட காட்டுது, ஒரு தபா ஆத்துக்குள்ளயே காட்டுது. மேல மரமா கீதுல்ல, சிக்னல் ஆடிக்கினே கீது.

— சத்தம் போடாதே ஜவஹர். மிளகு நடக்கறா.

— மாமி, டப்பா இந்தாண்ட. அவ அந்தாண்ட போய்க்கினு கீறா!

— போகட்டும், விடுப்பா. விசாலம், கயித்தை இழுக்காதே. தளர்த்து.

— நான் எங்கன்னா இழுக்கறேன்? அவதான் என்னை இழுக்கறா! இப்படி இழுத்து எத்தனை நாளாச்சு!

— நில்லு, நில்லு, அங்க சிமெண்ட் படி இருக்கு. ஐயையோ, விழுந்துடப் போறா. மிளகு! படி! படிடி மிளகு! மெதுவா... காலை வை. ம். இன்னொண்ணு இருக்கு. அப்பா பக்கத்துலதான் இருக்கேன், வை. ம்... அவ்வளவுதான். சமத்து! என் சமத்து!

— இன்னா மாமா, நீங்களும் எறங்கி ஓடுறீங்க! வழுக்கும், பாத்து!

— ஏன்னா, வேஷ்டியெல்லாம் சேறு!

— சேறு கெடக்கட்டும்டி. அரச மரத்து வேருக்குள்ள மூக்கை விட்டுண்டு தோண்டறா பாரு. ஜவஹர், சீக்கிரம் வா. நான் குனிஞ்சா எழுந்துக்க முடியாது. வெறுங்கையை விடாதே, குச்சியால தள்ளிப் பாரு.

— இருங்க... கல்லு ஒண்ணு வெச்சு மூடிக்கிது. அட்ரா சக்க! மாமா! மஞ்ச டப்பா! இதான் மாமா, இதேதான்!

— கண்டுபிடிச்சுட்டா! என் கண்ணு கண்டுபிடிச்சுட்டா! ஏன்னா, வாலைப் பாருங்கோ! எப்படி ஆட்டறா பாருங்கோ!

— பார்த்துண்டுதான் இருக்கேன். டப்பாவை இப்படிக் குடு, ஜவஹர். ம்... விசாலம், இதைக் கொஞ்சம் மோந்து பாரு.

— பெருங்காயம்! அந்த மனுஷர் பெருங்காய டப்பாவையா கொண்டுவந்து ஒளிச்சு வெச்சிருக்கார்? எத்தனை தேய்ச்சு அலம்பினாலும் வாசனை போகாதே!

— அய்ய, திங்கிற சாமான் வெச்ச டப்பா கூடவே கூடாதுன்னு குரூப்புல ரூலு கீது மாமி. நாயி, பெருச்சாளில்லாம் இஸ்துக்கினு பூடும்னு. பெரிய மனுஷன் இப்டிப் பண்ணிக்கிறாரே!

— அப்படியா? அப்போ இது விதிப்படி வெச்ச டப்பா இல்லையே.

— ஏன்னா, என்ன சொல்றேள்?

— இல்லை, பெருங்காய வாசனைன்னா எந்த நாயும்...

— எந்த நாய்? மாமா, எங்க ஜிம்மிய பாருங்க. ரெண்டு கண்ணும் நல்லா கீது, மூக்கும் கீது. இன்னும் அந்த அணிலயே மொறச்சுக்கினு நிக்கறான். ஒங்க மிளகு இந்த நாத்தத்துல, அவ்ளோ தூரத்துலேந்து மோப்பம் புடிச்சு, படி எறங்கி வந்துக்கிறா. கெத்து மாமா, கெத்து!

— நன்னா கேளு ஜவஹர். நான் ரசம் வைக்கறச்சே தெனம் அடுப்படி வாசல்ல படுத்துண்டு பெருங்காயம் பொரியற வாசனையை அனுபவிச்சவ அவ. அந்த அடுப்படிக்கு வர வழி தெரியாமதான் இத்தனை நாள் கட்டிலுக்கு அடியில கெடந்தா. இப்போ வழி தெரிஞ்சுடுத்து. இதுக்கு மேல இவர் விதி பேசினார்னா, வண்டியில நானும் ஏறிப் போயிடறேன்!

— மாமி, அழாதீங்க மாமி. மொதல்ல இந்தச் சீட்டப் பாருங்க, சுத்தமா காலியா கீது. நாமதான் மொத ஆளு! இன்னா பேரு எழுதட்டும்? கல்யாணராமன் சார் பேரா, ஒங்க பேரா?

— ரெண்டும் வேண்டாம். பேனாவைக் குடு இப்படி. கண்டுபிடிச்சவ பேரை நானே எழுதறேன். மி... ள... கு. எழுதியாச்சு. இப்போ என்ன சொல்றேள்?

— தப்பா எழுதியிருக்கே, விசாலம்.

— என்ன தப்பு?

— பெத்த பொண்ணு பேரை இப்படித்தான் அப்பா இனிஷியல் இல்லாம மொட்டையா எழுதுவியா? கே. மிளகுன்னு எழுது.