கார்டும் பிராசஸரும் நான்தான் தேர்ந்தெடுத்தேன்

கம்ப்யூட்டர் கட்டித் தரச் சொல்லி வருகிறவர்கள் எல்லோரும் கிராபிக்ஸ் கார்டைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். பிராசஸரை என் தலையில் கட்டிவிடுவார்கள். என் மச்சினனும் அப்படித்தான். "கேம் ஆடணும் மாமா, லினக்ஸ்ல ஓடணும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்" என்றான்.

என் இஷ்டப்படிதான் செய்தேன். அதைத்தானே கேட்கிறீர்கள், ஐயா.

அவன் என் மனைவியின் தம்பி. அவள் நோயில் போய்ச் சேர்ந்த பிறகு, சொந்தம் என்று என் வாசற்படி ஏறியவன் அவன் ஒருவன்தான். போகப்போக அவனும் குறைத்துக்கொண்டான். தப்பில்லை. அக்கா இல்லாத வீட்டில் அவனுக்கு என்ன வேலை? ரிப்பேர் கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போனால், காலையில் கவிழ்த்துவைத்த தட்டு கவிழ்ந்தபடியே இருக்கும். நான் கல் குவாரியில் வளர்ந்தவன். அங்கே பாரம் கையில் இருக்கும்வரைதான் பக்கத்தில் ஆள் நிற்பான். இறக்கியதும் அவனவன் பாட்டுக்குப் போய்விடுவான். அவன் கையில் ஒரு பாரம் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இந்த லினக்ஸில், ஒரு வகைக் கார்டுக்கு அதை இயக்கும் டிரைவர் உள்ளேயே வந்துவிடும். மாட்டினோமா, மறந்தோமா என்று இருக்கலாம். இன்னொரு வகைக்குத் தனியாக ஏற்ற வேண்டும். சிஸ்டம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது சில சமயம் அது கழன்றுகொள்ளும், திரை கறுத்துவிடும். நான் இரண்டாவது வகையை எடுத்தேன், அதிலும் பழைய மாடல். பிராசஸருக்கே படம் காட்டும் வசதி இருந்தால் திரையின் ஒயரை மாற்றிக் குத்திச் சமாளித்துவிடுவான். அந்த வசதி இல்லாததாகப் பார்த்து வாங்கினேன்.

நினைத்தது நடந்தது. திரை கறுத்தால் பெட்டியைத் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவான். "உங்க பொண்ணு மறுபடி கோச்சுக்கிட்டா மாமா. பொறந்த வீட்டுக்கு வந்தாத்தான் அடங்குவா போல" என்பான். கால் மணி நேர வேலை. நான் மத்தியானம் முழுக்கச் செய்வேன். சேர்ந்து சாப்பிடுவோம். கை கழுவிவிட்டுக் குழாயைச் சரியாக மூடாமல் வருவான், அவன் அக்கா மாதிரியே. நான் எழுந்துபோய் மூடுவேன். அவளைத் திட்டியிருக்கிறேன், இவனைத் திட்டியதில்லை.

அப்புறம் அவன் வேலை பார்க்கும் லேத் பட்டறையின் ஆபீசுக்கு ஒரு பெண் வந்து சேர்ந்தாள். லினக்ஸ் தெரிந்தவள்.

"அவ பாத்துட்டு ஒரே சிரிப்பு மாமா. எதிரிகூட இந்தக் கார்டு, பிராசஸர் ஜோடியைச் சேத்து வைக்கமாட்டானாம்."

கிண்டலாகத்தான் சொன்னான், மனதில் ஒன்றும் இல்லை. பெட்டியோடு ஒரு புதுக் கார்டும் கொண்டுவந்திருந்தான், அவள் தேர்ந்தெடுத்தது. மாட்டிவிட்டு மறக்கிற வகை. "நானே மாட்டிக்குவேன். உங்ககிட்ட சொல்லாம செஞ்சா நல்லாருக்காதேன்னு எடுத்துட்டு வந்தேன். இனி உங்களுக்குத் தொந்தரவு இல்ல" என்றான்.

தொந்தரவு. அந்த வார்த்தையைத்தான் சொன்னான்.

நல்ல கார்டு, ஐயா. அந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரியும். மாட்டிக்கொடுத்தேன், ஜம்மென்று ஓடியது. சாப்பிட்டுவிட்டு அவன் கண்ணயர்ந்தபோது, பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளையைக் கழற்றினேன். கடையில் ஆகாதென்று ஒதுக்கிவைத்த ஒன்றை அந்த இடத்தில் வைத்தேன். பெட்டியின் உடம்பில் கரண்ட்டைக் கசியவிடும் சப்ளை அது. சுவரில் எர்த் இருந்தால் கசிவு அதில் போய்விடும். அவன் அறையில் எர்த் இல்லை. அவனைக் குடிவைத்த அன்று சுவிட்ச் போர்டைத் திறந்து பார்த்தவன் நான். 'எர்த் இல்லடா, ஜாக்கிரதை' என்று சொன்னவனும் நான்தான்.

கொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. விரலில் லேசாக இழுத்தால் பயப்படுவான். அவளுக்குச் சாப்ட்வேர்தான் தெரியும், கரண்ட் தெரியாது. எனக்குத்தான் போன் வரும்.

வந்தது. "மாமா, பெட்டியைத் தொட்டா சுர்ருங்குது."

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு இருந்த சந்தோஷத்தை உங்களிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பிளக்கைப் பிடுங்கு, கிட்டப் போகாதே என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பயந்துபோய்க் குப்பையில் போட்டுவிடுவான். புதுசு வாங்கிக்கொடுக்க அவள் இருக்கிறாள்.

"அதெல்லாம் ஒண்ணும் செய்யாதுடா. ஞாயித்துக்கிழமை தூக்கிட்டு வா, பாத்துக்கலாம்."

"சாப்பாடு உண்டா?"

"உனக்கு இல்லாமலா?"

இரண்டு தட்டு எடுத்துவைத்துக் காத்திருந்தேன். அவன் குளித்த ஈரத்தோடு, பின்பக்க ஒயர்களைக் கழற்றப் பெட்டியைக் கட்டிப் பிடித்திருக்கிறான். பிளக் சுவரிலேயே இருந்திருக்கிறது. பிடித்தவனைக் கரண்ட் விடவில்லை. ஒன்றும் செய்யாது என்றுதான் நான் சொல்லியிருந்தேனே.

கார்டையும் பிராசஸரையும் தேர்ந்தெடுத்தது நான். சப்ளையை மாற்றியது நான். கசிகிறது என்று தெரிந்தே ஒன்றும் செய்யாது என்று சொன்னதும் நான். எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெண் ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், நிமிர்ந்து என்னைப் பார்க்கவே இல்லை. அவள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள் ஐயா. பெட்டியைச் சுற்றுகிற துணியை அவன் தரையில் விரித்துவைத்திருந்தான். அவன் கிளம்பியது என் வீட்டுக்குத்தான்.