வேன் போன பிறகு கல்லீரலில் நடந்தது

எங்கள் ஆய்வகத்தின் மூத்தவரே, எலிக்கு மயக்க மருந்து கொடுக்கும்போதும் குரலைத் தாழ்த்திப் பேசுபவரே, கட்டுரையில் 'ஐயமின்றி' என்ற சொல்லைக் கண்டால் சிவப்பு மையால் அடிப்பவரே, அன்புள்ள யோகேஸ்வரி டாக்டரே!

வணக்கம். உங்கள் ஓய்வு விருந்தில் உங்களை நேராகப் புகழ்ந்தால் பாதியில் எழுந்து, "போதும் லா, கேக்கை வெட்டுங்க" என்பீர்கள். அதனால் வேறு யாரோ ஒருவருடைய கதையைப் போலச் சொல்கிறோம். உட்கார்ந்து கேளுங்கள்.

யோகேஸ்வரி சுங்கை பட்டாணிக்கு வேலைக்கு வந்தபோது கையில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. கல்லீரலில் கட்டியை வெட்டி எடுக்கும்போது, இரத்தம் கொட்டாமலிருக்கக் குழாயைக் கொஞ்ச நேரம் கவ்வி போட்டு அடைப்பார்கள். கவ்வியை எடுத்ததும் இரத்தம் திரும்பப் பாயும். காப்பாற்ற வேண்டிய அந்த இரத்தமே கல்லீரலைக் கெடுத்துவிடுவதும் உண்டு. அந்த நேரத்தில் உடம்பு தானே உண்டாக்கும் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயு காக்கிறதா, கெடுக்கிறதா?

காக்கிறது என்றார் யோகேஸ்வரி. பொய்யில்லை. குழாய்ச் சுவரிலிருந்து கொஞ்சமாகச் சுரக்கும் அந்த வாயு குழாய்களைத் தளர்த்துகிறது; இரத்தம் மூலை முடுக்கெல்லாம் போய்ச் சேர்கிறது. அந்த வாயுவைத் தரும் மருந்தை ஏற்றிய எங்கள் எலிகள் ஒவ்வொன்றும் அதையே காட்டின. கட்டுரை வந்தது, பெயர் வந்தது.

ஆனால் எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. காலையில் அறுவை, நண்பகலில் கவ்வியைத் திறப்பது, ஐந்து மணிக்குள் கல்லீரலை எடுத்துப் பத்திரப்படுத்துவது. ஐந்து மணிக்குக் கரங்கான் ஊருக்குப் போகும் வேன் வந்துவிடும். ஆய்வக உதவியாளர் திலகாவின் பிள்ளை அங்கே குழந்தைக் காப்பகத்தில் காத்திருக்கும். அதற்காகவே யோகேஸ்வரி அப்படி நேரம் வகுத்திருந்தார். கொஞ்சம் தாமதமானாலும் வேன் ஓட்டும் பசுபதி அண்ணன் ஜன்னலில் தலையை நீட்டுவார்.

"டாக்டர், ஒங்க எலி நாளைக்கும் எலிதான் லா! நான் லேட்டா போனா வீட்டுல நான்தான் எலி!"

போன ஆண்டு ஒரு நாள், செம்பனைக் குலை ஏற்றிய லாரி பாதையில் கவிழ்ந்து வேன் மாட்டிக்கொண்டது. திலகா காப்பகத்துக்குப் போன் போட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தார். மேசையில் ஒரு எலி மிச்சம். நைட்ரிக் ஆக்ஸைடைத் தரும் மருந்து அதற்குத் தொடர்ந்து ஏறிக்கொண்டிருந்தது. அந்தி சாயும்போதுதான் அதன் கல்லீரலை எடுத்தார்கள். மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தால், திட்டுத் திட்டாகச் செத்த செல்கள். மருந்தே ஏறாத எலியைவிட மோசம்.

"ஒரே ஒரு எலி டாக்டர். தூக்கிப் போட்ருவோம் லா, எதுக்கு வம்பு?" என்றார் திலகா.

"அந்த ஒன்னுதான் வேனப் புடிக்கல திலகா. மத்ததெல்லாம் நேரத்துக்குக் கெளம்பிப் போயிருச்சு."

சிரிக்கத்தான் சொன்னார். முகத்தில் சிரிப்பில்லை.

அதன் பிறகு சில வாரங்கள், விடியும் முன்பே பாக்கார் ஆராங்கிலுள்ள தன் வீட்டிலிருந்து தனியாகக் காரோட்டி வந்து, நாங்கள் வருவதற்குள் அறுவையை முடித்து வைத்திருந்தார். அப்படித்தான் கவ்வியைத் திறந்து வெகுநேரம் கழிந்த பின்னேர மணிகளும் ஐந்து மணிக்குள் அடங்கின. திலகாவுக்கு வேனும் தப்பவில்லை. அந்த ஒரு எலியில் கண்ட முடிவும் மாறவில்லை. சில மணி நேரம் கழித்துக் கல்லீரலில் அழற்சி செல்கள் கூடி, அதே வாயுவை அளவில்லாமல் கொட்டுகின்றன. திரும்பி வந்த ஆக்ஸிஜனால் உண்டான நச்சோடு அது சேர்ந்து, செல்லை அரிக்கும் பொருளாகிவிடுகிறது. முதலில் காத்ததே பிறகு கொல்கிறது. எங்கள் மருந்து அந்த நெருப்பில் எண்ணெய் வார்த்திருக்கிறது.

அதே நேரத்தில் டாக்டர் பரஞ்சோதி என்ற அறுவை மருத்துவர், யோகேஸ்வரியின் கட்டுரையை நம்பி, நோயாளிகளுக்கு அந்த மருந்தை ஒரு நாள் முழுக்க ஏற்றிப் பார்க்கத் தயாராக இருந்தார். யோகேஸ்வரியைப் பேராசிரியராக்கும் கோப்பும் அதே கட்டுரையைத் தாங்கிக்கொண்டு மேலிடத்தில் கிடந்தது. இன்னும் கொஞ்ச மாதம் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பேராசிரியராகவே வீட்டுக்குப் போயிருக்கலாம்.

அலோர் ஸ்டாரில் நடந்த மருத்துவ ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"அக்கா, எல்லாம் ரெடி. மொத ஆளு கையெழுத்தும் போட்டாச்சு. இப்ப வந்து இப்படிச் சொன்னா?" பரஞ்சோதியின் குரல் ஏறியது.

"இப்ப சொன்னாத்தான் தம்பி. மருந்து ஏறுனப்புறம் சொல்லி என்னா செய்ய?"

இத்தனை ஆண்டுகள் ஏன் பின்னேரத்தைப் பார்க்கவில்லை என்று முன் வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். பின் வரிசையில் திலகா தலையைக் குனிந்துகொண்டார். வேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும், கூடமே சிரித்து மன்னித்திருக்கும்.

"நேரத்த வகுத்தது நான். பாக்காம விட்டதும் நான்," என்றார் யோகேஸ்வரி. உட்கார்ந்தார். யாரும் கை தட்டவில்லை.

பதவி வரவில்லை. பரஞ்சோதியிடமிருந்து போனும் வரவில்லை. சென்ற மாதம்தான் அவர் திடீரென்று ஆய்வகத்துக்கு வந்தார், நின்றுகொண்டே பேசினார்.

"ரொம்பக் கோவத்துல இருந்தேங்க்கா. அந்த மொத ஆளு மளிகைக் கடைக்காரரு. மருந்து இல்லாம வழக்கம்போலத்தான் அறுத்தோம். நல்லா இருக்காரு. தப்பிச்சத அவருகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல, சொல்லல."

"சொல்லாதீங்க தம்பி. யாவாரத்தப் பாக்கட்டும்," என்றார் யோகேஸ்வரி.

டாக்டர், கதை முடிந்தது. நீங்கள் பேராசிரியராகாமலே ஓய்வு பெறுகிறீர்கள். இதை இனிப்புத் தடவிச் சொல்ல எங்களுக்குத் தெரியாது, எங்களுக்கு வருத்தம்தான். நோயில்லாமல், மூட்டுவலி இல்லாமல், விடியும்வரை நன்றாகத் தூங்கி, நெடுநாள் இருங்கள். இந்த நேரம் எங்கோ ஒரு கடையில் ஒரு மனிதர் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருப்பார். உங்கள் பெயர் அவருக்குத் தெரியாது. அவர் சொல்லாத நன்றியை, அவர் சார்பில், நாங்கள் எழுந்து நின்று சொல்கிறோம்.

என்றும் உங்கள்,
திலகா, பசுபதி, மற்றும் ஆய்வக ஊழியர்கள்
சுங்கை பட்டாணி