செந்தாமரையின் மறைவுத் தேதி

ஐயா, விசாரணைக்கு எங்கள் வீட்டுக்கு வந்த உங்கள் அதிகாரிக்குக் கொடுத்த தேநீரில் சர்க்கரை தூக்கலாக இருந்தது. அவர் முகம் சுளிக்காமல் குடித்தார். முதலில் அதற்கு என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் எப்போதும் அப்படிப் போடுவது கிடையாது.

என் மனைவியின் இறப்புச் சான்றிதழ் உண்மையானது அல்ல என்று தெரியவந்திருப்பதாகவும், முப்பது நாளுக்குள் நான் விளக்கம் தர வேண்டும் என்றும் உங்கள் மெயிலில் இருந்தது. சென்ற முறை விளக்கக் கடிதத்தை, கும்பகோணத்தில் விசா வேலை பார்த்துக் கொடுக்கும் சேரன் ஆங்கிலத்தில் எழுதினான். இந்த முறை நானே தமிழில் எழுதுகிறேன். ஆள் வைத்துப் படித்துக்கொள்ளுங்கள். நான் நெல் அறுக்கும் இயந்திரம் ஓட்டுகிறவன். ஓர் ஓரத்தில் இறக்கினால் மறு ஓரம் வரை வரிசை பிசகாமல் போவேன். இதையும் அப்படியே சொல்கிறேன்.

2018இல் நான் சுற்றுலா விசாவில் மலேசியா போய் ஓட்டலில் வேலை பார்த்தேன். முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். விசா முடிந்த பிறகும் பதினான்கு மாதம் இருந்தேன். வெளியே தலை காட்டினால் பிடித்துவிடுவார்கள் என்று கடையின் பின்கட்டிலேயே கிடந்தேன். அப்புறம் பொது மன்னிப்பு அறிவித்தார்கள். அபராதத்தைக் கட்டிவிட்டு, பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக அவுட்பாஸ் என்று கொடுத்த ஒற்றைத் தாளோடு ஊர் திரும்பினேன். நடந்தது இவ்வளவுதான்.

ஆனால் பாபநாசத்துக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் தெருவில் அது இவ்வளவோடு நிற்கவில்லை. என் பெயர் துரைராசு. ஆறு வருடமாக அந்தப் பெயரைச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிடவில்லை, 'அவுட்பாஸு' என்றுதான் கூப்பிட்டார்கள். டீக்கடையில் கேட்டபோது நானும் சேர்ந்து சிரித்தேன். என் மகள் செம்மொழி ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்து, "அப்பா, ஒன்னைய விலங்கு போட்டா ஏத்தி விட்டாங்க?" என்று கேட்டாள். முறையான வேலை விசாவில் போய், கையில் பாஸ்போர்ட்டோடு திரும்பி வந்து, ஒரு தடவை அந்தத் தெருவில் நடக்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. உங்கள் நாட்டில் கோதுமை அறுக்கும் இயந்திரத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சேரன் சொன்னதும் ஒத்துக்கொண்டேன்.

உங்கள் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: எந்த நாட்டிலாவது அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியிருக்கிறீர்களா, ஆம் என்றால் காரணம் என்ன. நான் நடந்ததைச் சொன்னேன். சேரன் உதட்டைப் பிதுக்கினான்.

"மொதலாளி பாஸ்போர்ட்ட வாங்கிக்கிட்டான்னுதான் எல்லாரும் எழுதுறாங்க அண்ணே. காரணம் கனமா இருக்கணும்."

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டாலும், கோர்ட்டில் வாய்தா கேட்டாலும், சொன்ன நாளில் இயந்திரத்தோடு வயலுக்குப் போகாவிட்டாலும், வீட்டில் ஒரு சாவு என்று சொல்லிவிடுவோம். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். செத்தது யார், எப்படி என்று துருவுகிறவனை நாங்கள் மனிதனாகவே மதிப்பதில்லை. உங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். தவறு அங்கேதான் தொடங்கியது.

நான் மலேசியாவில் இருந்தபோது, 2019 ஆடி மாதம், என் மனைவி செந்தாமரை மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள், பாபநாசம் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்தும் பிழைக்கவில்லை, அந்தச் செய்தி கேட்டுப் புத்தி கலங்கி அங்கேயே தங்கிவிட்டேன் என்று சேரன் எழுதினான். சான்றிதழையும் அவனே கொண்டுவந்தான். எங்கே அடித்தான் என்று நான் கேட்கவில்லை.

செந்தாமரைக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை. அன்று மாலையே அவளிடம் காட்டினேன். தாளை வாங்கி, எழுத்துக் கூட்டி, தன் பெயரைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"நான் எதுல மாமா செத்தேன்?"

"காமாலைல."

"நல்லவேளை. கெடையில கெடந்து எல்லாரையும் பாடாப் படுத்தாம போய்ச் சேர்ந்திருக்கேன்."

அவள் அப்படித்தான், எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பாள். அதற்குப் பிறகு வீட்டில் எதைக் கேட்டாலும் அதே பேச்சுதான். பூ வாங்கி வந்தால், "செத்தவளுக்குப் பூ ஒரு கேடா?" என்று சொல்லிக்கொண்டே வைத்துக்கொள்வாள். குழம்பில் உப்பு அதிகம் என்றால், "பேய் வச்ச கொழம்பு அப்புடித்தான் இருக்கும்" என்பாள். நானும் சிரித்தேன். செம்மொழி மட்டும் சிரிக்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் புரியாது என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

நேரில் வந்து விசாரிப்போம் என்று உங்கள் மெயில் வந்ததும் வேலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தெருவில் எல்லோரிடமும் சொன்னேன். ஒருவன் வெளிநாடு போவதைக் கெடுக்க எங்கள் தெருவில் ஆள் கிடையாது. 'அவுட்பாஸு' என்று கூப்பிட்ட அதே வாய்கள், "கேட்டா காமாலைன்னு சொல்லணும், அவ்ளோதானப்பா?" என்றன. ஸ்டுடியோவில் செந்தாமரையின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டேன். கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகளும் போட்டுக் கொடுத்தார்கள். ஆணியில் மாட்டிப் பிளாஸ்டிக் மாலை போட்டது செந்தாமரைதான். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பொட்டு கொஞ்சம் பெருசா வச்சிருக்கலாம்" என்றாள்.

செம்மொழிக்கு நான்தான் பதில் சொல்லிக்கொடுத்தேன். அம்மா எப்போது இறந்தார்கள்? எனக்கு ஆறு வயதில். எதனால்? காமாலையால். மூன்று நாள் மாலையில் கேட்டுக் கேட்டுப் பழக்கினேன். மூன்றாம் நாள் தடுமாறாமல் சொன்னாள்.

விசாரணை நாளன்று செந்தாமரையைச் சீர்காழியில் அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பலாம் என்றேன். அவள்தான் மாட்டேன் என்றாள். "ஒரு நாளுக்காவ எதுக்கு மாமா அம்புட்டு தூரம்? களையெடுக்கப் போயிடுறேன். வயக்காட்டுல யாரு என்னையத் தேடப்போறா?" வயலுக்குப் போகிறேன் என்று சொன்னது அவள். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதிகாரி காலை பதினொரு மணிக்கு வெள்ளைக் காரில் வந்தார். நல்ல மனிதர், நம் தமிழ் ஆள்தான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, படத்தைப் பார்த்து ஒரு கணம் நின்றார். பிறகு உட்கார்ந்து கேள்விகளைக் கேட்டார். செம்மொழி அடுப்படியில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். மணி பதினொன்று இருபத்தைந்து இருக்கும். கொல்லைப்பக்கம் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

பக்கத்து வீட்டு ரெங்கம்மாள் சேறு காயாத காலோடு நின்றாள். செந்தாமரையோடு களையெடுக்கப் போனவள்.

"துரைராசு, தாமரைய நல்ல பாம்பு புடுங்கிடுச்சுடா. வரப்போரம் கைய வச்சிருக்கா. மோட்டார் கொட்டாயில ஒக்கார வச்சிருக்கோம். வண்டிய எடு."

ஆறு வருடத்தில் அவள் அன்றுதான் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"அவரு உள்ள இருக்காருக்கா. பத்து நிமிசம்."

"அப்ப நூத்தியெட்டுக்காவது போனு போடு."

"வேணாங்க்கா. சைரன் போட்டுக்கிட்டு இந்தத் தெரு வழியாத்தான் வரும். நீங்க போயிக் கைய ஆட்டாமப் பாத்துக்குங்க. நான் வந்துடுறேன்."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடினாள். நான் செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு கூடத்துக்கு வந்தேன். அடுப்படிக்கும் கொல்லைக் கதவுக்கும் நடுவே நான்கடி தூரம்தான். செம்மொழி தேநீரைக் கொண்டுவந்தாள். எத்தனை கரண்டி சர்க்கரை போட்டோம் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

அதிகாரி அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, "அம்மா எப்பம்மா தவறினாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

"எனக்கு ஆறு வயசுல. காமாலைல." சொல்லி முடித்ததும், "அம்மா" என்று கதறிவிட்டாள்.

அவர் எழுந்து அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். "பாவங்க. புள்ளைக்கு இன்னும் மனசு ஆறல" என்றார். ஆமாங்க என்றேன். எனக்கும் கண் கலங்கியது. அது நடிப்பில்லை ஐயா, இதை நீங்கள் நம்ப வேண்டும்.

பிறகு அவர் புறப்பட எழுந்தார். அந்த இடத்தில் நான் நிதானமாக யோசித்தேன். அவசரமாக அனுப்பினால் சந்தேகம் வரும். எங்கள் பக்கத்தில் வந்தவரை உபசரிக்காமல் அனுப்ப மாட்டார்கள். "இன்னொரு டீ குடிச்சிட்டுப் போங்க சார்" என்றேன். அவர் சங்கடப்பட்டுக்கொண்டு உட்கார்ந்தார். செம்மொழி எழுந்திருக்கவில்லை. நானே போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன். அதில் சர்க்கரை சரியாக இருந்தது.

அவர் கிளம்பும்போது மணி பன்னிரண்டு ஐந்து. அடுத்து பாபநாசம் ஆஸ்பத்திரியில் பழைய பதிவு ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவதாகச் சொன்னார்.

நான் பைக்கை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். செந்தாமரையை நடுவில் உட்கார வைத்து, பின்னால் ரெங்கம்மாள் பிடித்துக்கொண்டாள். செந்தாமரைக்கு இமை பாதி மூடியிருந்தது. தூக்கம் தூக்கமாக வருகிறது என்றாள். நாக்கு குழறியது. பாபநாசம் ஆஸ்பத்திரி எங்கள் ஊரிலிருந்து பத்து நிமிடம். வாசலில் அந்த வெள்ளைக் கார் நின்றது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை. "முந்தானைய இழுத்து அவ மொகத்த மூடுங்கக்கா, தஞ்சாவூருக்கே போயிடலாம்" என்றேன். ரெங்கம்மாள் என் முதுகில் அடித்தாள். "டேய், ஆஸ்பத்திரி இங்க இருக்குடா, நிறுத்துடா" என்று கத்தினாள். தஞ்சாவூரில் பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று நான் அவளுக்கு விளக்கினேன்.

முந்தானைக்குள்ளிருந்து செந்தாமரை ஏதோ சொன்னாள். எனக்குப் புரிந்தது.

"செத்தவள எங்க மாமா தூக்கிட்டுப் போற?"

நான் சிரித்தேன். கடைசியாக அவள் சொன்ன வார்த்தைக்கு நான் சிரித்திருக்கிறேன் என்பது எனக்கு ஓர் ஆறுதல். அய்யம்பேட்டை தாண்டுவதற்குள் அவள் தலை என் முதுகில் சாய்ந்தது. தூங்குகிறாள் என்று நினைத்துக் கொஞ்ச தூரம் ஓட்டினேன். ரெங்கம்மாள் சொன்ன பிறகுதான் வண்டியைத் திருப்பினேன்.

அன்று பொழுது சாய்வதற்குள் ஆற்றங்கரையில் எரித்தோம். தெருவே வந்தது. யாரும் என்னிடம் பேசவில்லை. போலீசுக்கு நான் சொல்லவில்லை. இறப்பைப் பதிந்துவிடு என்று கிராம நிர்வாக அலுவலர் சொன்னார். விசா முடிவு வரட்டும் என்று தள்ளிவைத்தேன். அவள் பெயரில் ஏற்கெனவே ஒரு சான்றிதழ் இருந்தது. சாவு வீட்டில் எல்லோரும் அலைகிற படத்துக்குக்கூட நான் அலையவில்லை. அது சுவரில் தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் செம்மொழியை அவள் பெரியம்மா சீர்காழிக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். பஸ் ஏறும்போதுதான் பிள்ளை என்னிடம் பேசியது. "இனிமே யாராச்சும் கேட்டா, அம்மா எப்ப செத்துச்சுன்னு சொல்லணும்?" என்று கேட்டது. பஸ் போய்விட்டது. அதன் பிறகு இரண்டு முறை சீர்காழிக்குப் போனேன். செம்மொழி உள்ளே இருந்துகொண்டே வெளியே வரவில்லை. வீட்டில் ஒற்றை ஆளுக்கு உலை வைக்கும்போதும் மூன்று பேருக்கு அரிசி போட்டுவிடுகிறேன். செந்தாமரை இருந்தால் இதற்கும் ஏதாவது சொல்லிச் சிரித்திருப்பாள்.

பிறகு உங்கள் மெயில் வந்தது. பொது மன்னிப்பில் தீர்ந்துபோன பழைய மலேசிய விவகாரம் விசா மறுக்கக் காரணம் ஆகாது என்றும், பொய்ச் சான்றிதழ்தான் சிக்கல் என்றும் அதில் இருந்தது. நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தாலே போதுமாயிருந்திருக்கிறது. அதைப் படித்தபோது, ஐயா, நான் வாய்விட்டு அழுதேன். சேரனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனும் எனக்கு நல்லது நினைத்துத்தான் செய்தான்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இது. அந்தச் சான்றிதழ் பொய். அதைக் கொடுத்தவன் நான். பாம்பு கடித்த என் மனைவியை நாற்பது நிமிடம் காக்க வைத்தவனும், ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி அவளைக் கொண்டுபோனவனும் நான். வேறு யாரும் காரணம் இல்லை. எதையும் மறைக்கவில்லை என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதினேன்.

படத்தின் கீழே இருக்கிற மறைவுத் தேதியை மாற்றித் தரச் சொல்லி ஸ்டுடியோவில் கொடுத்திருக்கிறேன். மாதம் அதே ஆடிதான். நீங்களும் படிவத்தில் ஆண்டை மட்டும் திருத்திக்கொண்டால் போதும், மனைவி இல்லை என்று நான் எழுதியது அப்படியே இருக்கலாம். உங்கள் ஊரில் அறுவடைக்கு இன்னும் சில மாதங்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். என் விண்ணப்பத்தை மறுபடி பரிசீலிக்க வேண்டுகிறேன். நான் உங்களிடம் பொய் சொன்னவன் இல்லை ஐயா. உண்மையைக் கொஞ்சம் முன்கூட்டி எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.