பத்தாம் அத்தியாயத்தில் அவன் குதித்துவிட்டான்

எத்தனை அடிதடி நடந்தாலும் கதாநாயகனின் தொப்பி மட்டும் ஏன் கீழே விழுவதில்லை என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். அது பெரிய ரகசியம் இல்லை. தொப்பியின் உள்விளிம்பில் எலாஸ்டிக் நாடா ஒன்று தைத்திருக்கும். முகமூடியின் முடிச்சோடு அதைச் சேர்த்துக் கட்டிவிடுவோம். 1938இல் எடுத்த 'சாம்பல் சவாரிக்காரன்' பன்னிரண்டு அத்தியாயங்களிலும் அந்த முடிச்சைப் போட்டவள் நான்தான்.

பழைய தொடர்படங்களை நேசிப்பவர்களுக்கென்று ஒரு சங்கம் இருப்பதும், அதற்கு நீங்கள் செயலாளராக இருப்பதும் எனக்கு வியப்பாக இருந்தது. அந்தப் படத்தில் வேலை செய்தவர்களில் உயிரோடு இருப்பது நான் ஒருத்திதான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

என் வேலை கன்டினியூட்டி. காலையில் எடுத்த ஷாட்டில் மேல்பொத்தான் திறந்திருந்தால் மாலையில் எடுக்கும் ஷாட்டிலும் திறந்திருக்க வேண்டும். இடது கையில் கட்டு என்றால் மறுநாளும் இடது கைதான். இவற்றையெல்லாம் கவனித்து நோட்டில் எழுதிக்கொள்வேன். கவனமும் பொறுமையும் இருந்தால் போதும், யாரும் செய்யலாம். ஆனால் யாரும் செய்யமாட்டார்கள்.

தொடர்படத்தின் லட்சணம் உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு சனிக்கிழமையும் இருபது நிமிடம். கடைசி நிமிடத்தில் முகமூடிக்காரன் ஓட்டிவரும் கோச்சு வண்டி பள்ளத்தில் பாய்ந்து தூள்தூளாகும். அவன் வண்டியில்தான் இருக்கிறான். நாமே கண்ணால் பார்க்கிறோம். அடுத்த சனிக்கிழமை அதே காட்சியை மறுபடி காட்டுவார்கள். இந்த முறை, வண்டி விளிம்பை எட்டும் முன்பே அவன் குதித்துப் புதரில் உருண்டிருப்பான். போன வாரம் அவன் குதிக்கவில்லை. இந்த வாரம் போன வாரமே குதித்திருக்கிறான்.

இது பொய் என்று நான் ஒரு முறை ஹாலோரனிடம் சொன்னேன். இயக்குநரும் அவர்தான், தயாரிப்பாளரும் அவர்தான். தொண்டை கட்டிக்கொள்ளும் நாட்களில் மட்டும் மரியாதையாகப் பேசுவார்.

"ஏழு நாள் அம்மணி. முந்தாநாள் மத்தியானம் என்ன தின்னான்னே ஞாபகம் இல்லாதவன், போன சனிக்கிழமை எவன் குதிச்சான்னு ஞாபகம் வெச்சிருப்பானா?"

"நெப்ராஸ்காவுல ஒருத்தர் வெச்சிருக்காரே. சலூன் வெச்சிருக்கவராம். ஆறாம் அத்தியாயம் மோசடின்னு ரெண்டு பக்கம் எழுதியிருக்கார்."

"அந்தாளு கடையில கூட்டமே இல்ல போலிருக்கு. தலைமுடி வளர நம்ம படத்துல ஒரு லோஷன் விளம்பரம் போடறோம்னு எழுதிப் போடு."

அந்த சலூன்காரருக்கு நான்தான் பதில் எழுதினேன். தாங்கள் சொல்வது சரி என்று ஒரே வரி. ஹாலோரனுக்குத் தெரியாது.

சாம்பல் சவாரிக்காரன் யார் என்பது பன்னிரண்டாம் அத்தியாயம் வரை மர்மம். ஐந்து பண்ணையாளர்களில் ஒருவன் என்று மட்டும் சொல்லியிருந்தோம். அந்த ஐவரில் எவன் என்பது எங்களுக்கும் தெரியாது. கடைசி வாரம் எந்த நடிகருக்கு வேறு வேலை இல்லையோ அவரே சவாரிக்காரன் என்று ஹாலோரன் முடிவு செய்திருந்தார். சுவரொட்டியில் கதாநாயகனாகப் போட்டது ராண்டல் ஃபேர்லியின் பெயரை. அவருக்குக் குதிரை என்றால் பயம். குதிரைக்கும் அவரைப் பிடிக்கவில்லை. ஒரு பீப்பாயின் மேல் சேணத்தைப் போட்டு அவரை உட்காரவைத்து, இருவர் பீப்பாயை ஆட்ட, அண்மைக் காட்சிகளை எடுப்போம். மற்றபடி திரையில் நீங்கள் பார்த்துக் கைதட்டியது எல்லாம் என் கணவர் ஓரின் ஸ்ட்ரவுட். அவர் டூப். முகமூடி என்பது அந்தத் தொழிலில் எவ்வளவு பெரிய சிக்கனம் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

என் தம்பி எம்மெட்டும் டூப்தான். ஓரினிடம்தான் தொழில் கற்றான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பீன்ஸும் சோளரொட்டியும் சாப்பிட வருவான். வந்ததும் ஆரம்பித்துவிடுவான்.

"அக்கா, மச்சானுக்கு அந்த முகமூடியைப் போட்டுவிடு. சாப்பிடும்போது இந்த மூஞ்சியைப் பாத்தா எனக்கு ரொட்டி இறங்க மாட்டேங்குது."

"உனக்கு இறங்காததுன்னு ஒண்ணு இருக்காடா?" என்பார் ஓரின். அவர் அதை எந்த அர்த்தத்தில் சொன்னாரோ. எம்மெட் குடிப்பான் என்று பிறகு சிலர் சொன்னார்கள். என் எதிரே அவன் ஒரு நாளும் குடித்ததில்லை.

1937 பிப்ரவரியில் இருவரும் படப்பிடிப்பு முடிந்து ஒரே காரில் மலைப்பாதையில் இறங்கி வந்தார்கள். கார் வளைவில் திரும்பாமல் பள்ளத்தில் போனது. எம்மெட் இறந்துவிட்டான். ஓரினுக்கு மணிக்கட்டில் மட்டும் முறிவு.

அன்று மாலை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவர் சொன்னதை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன். "நான்தான் ஓட்டினேன் வெர்லா. பிரேக் பிடிக்கல. நான் குதிச்சுட்டேன். அவன் தூங்கிட்டிருந்தான்." வீட்டுக்கு வந்ததும் நோட்டில் எழுதி, தேதியும் போட்டேன். அது என் பழக்கம்.

ஒன்பதாம் நாள் விசாரணை. பைபிளில் கை வைத்துவிட்டு அவர் சொன்னார்: காரை ஓட்டியது எம்மெட். நான் பக்கத்தில் இருந்தேன். பிரேக் போடச் சொல்லிக் கத்தினேன். அவன் போடவில்லை, நான் குதித்தேன். விசாரணை அதிகாரி தலையசைத்தார். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

வெளியே வந்து காரில் ஏறும் முன் கேட்டேன். அவர் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார்.

"அன்னிக்குச் சொன்னத விட்டுடு வெர்லா."

"அன்னிக்கு நீங்கதான் ஓட்டினதா சொன்னீங்க."

"அன்னிக்கு உன் மூஞ்சியைப் பாத்துட்டு வேற என்னத்தச் சொல்றது?"

இதைப் பற்றி அதற்கு மேல் அவர் ஒரு நாளும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரே காட்சி, இரண்டு விதம். முதல் வாரம் அவர் கையில் ஸ்டியரிங். அடுத்த வாரம் இல்லை. எனக்குத் தொழில்முறையில் பழக்கமான விஷயம்தான். ஏழு நாளில் மறந்துவிடுவாள் என்று நினைத்திருப்பார். ஹாலோரனோடு நெடுநாள் வேலை பார்த்தவர் அல்லவா.

நாங்கள் ஒன்றாகவே இருந்தோம். அவருக்குச் சமைத்தேன், துவைத்தேன். அவர் முன்பைவிட அன்பாகத்தான் இருந்தார். எம்மெட்டின் கல்லறைக்கு நான் சொல்லாமலே பூ வாங்கிவருவார். செய்த தப்பை மறைப்பவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று தெரிந்துகொண்டேன்.

அடுத்த ஆண்டு ஒன்பதாம் அத்தியாயத்துக்கு வந்தோம். கோச்சு வண்டி, பள்ளம், முகமூடிக்காரன். திவாலான ஒரு சர்க்கஸிலிருந்து இரண்டு பழைய வண்டிகளை ஹாலோரன் வாங்கியிருந்தார். காலையில் முதல் வண்டியில் சாம்பல் உடுப்பு மாட்டிய பொம்மையைக் கட்டித் தள்ளிவிட்டோம். அது ஒன்பதாம் அத்தியாயத்தின் முடிவு. மாலையில் இரண்டாவது வண்டியில் ஓரின் வந்து, விளிம்புக்கு முன்னால் குதிக்க வேண்டும். அது பத்தாம் அத்தியாயத்தின் ஆரம்பம்.

குதிரைகள் முன்கூட்டியே கழன்றுகொள்ளும். பாறைக்குப் பின்னால் இருக்கும் குதிரைக்காரர் கம்பியை இழுத்ததும் நான்கும் வலப்பக்கம் திரும்பி ஓடிவிடும். பிறகு வண்டி சரிவில் தானாக நாற்பது தப்படி உருளும். குதிரைகளுக்கு ஆபத்து இல்லை என்பதைக் காலையிலேயே இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். வாயில்லாத ஜீவன்கள்.

ஓரின் எங்கே குதிக்க வேண்டும் என்பதற்கு ஓர் அடையாளம் வேண்டும். புழுதியில் விளிம்பு தெரியாது. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தலையளவு கல் ஒன்றுக்குச் சுண்ணாம்பு பூசி, விளிம்புக்குப் பதினைந்து தப்படி முன்னால் வைத்தார். அங்கேதான் எனக்குச் சிக்கல். காலையில் எடுத்த ஷாட்டில் அந்தக் கல் இல்லை. கதைப்படி ஒரே பாதை, ஒரே வண்டி, ஒரே நிமிடம். ஒன்பதாம் அத்தியாயத்தில் இல்லாத வெள்ளைக் கல் பத்தாம் அத்தியாயத்தில் எங்கிருந்து முளைக்கும்? நெப்ராஸ்காக்காரர் நிச்சயம் கேட்பார்.

இன்னொன்று முகமூடி. ஃபேர்லியின் முகமூடியில் கண்துளைகள் சிறிய கீற்றுகள். பார்க்க மிரட்டலாக இருக்கும். ஓரின் தன் முகமூடியில் துளைகளைக் கத்திரியால் பெரிதாக்கி வைத்திருந்தார். இரண்டும் பொருந்தவில்லை என்று எட்டு அத்தியாயங்களாக நோட்டில் எழுதிவந்தேன். அன்று அவர் கல்லுக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தபோது, சாம்பல் நிற நூலால் அவற்றைச் சின்னதாகத் தைத்துவிட்டேன். தையல் நன்றாக வந்திருந்தது.

நான் கட்டிவிட்டபோது அவர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"என்னம்மா இது, சாவித்துவாரம் வழியாப் பாக்கற மாதிரி இருக்கு."

"ஃபேர்லியோடது மாதிரி ஆக்கியிருக்கேன்."

"அந்தாளு பீப்பாயிலதானே போறான். பீப்பாய் எங்க போகுதுன்னு அவன் பாக்கவேண்டியதில்ல." சிரித்தார். பிரிக்கச் சொல்வாரோ என்று காத்திருந்தேன். ஹாலோரன் வெளிச்சம் போகிறது என்று கத்தினார். ஓரின் முகமூடியை இழுத்துச் சரிசெய்துகொண்டு மேலே நடந்தார்.

வண்டி நிற்கும் மேட்டிலிருந்து பாதையின் கடைசி வளைவு தெரியாது. டேக்குக்கு முன்னால் பாதையைப் பார்த்துவருவது என் வேலை. போனேன். கல்லை எடுத்துப் பள்ளத்தில் போட்டேன். எதிர்பார்த்ததைவிடக் கனம். கையில் ஒட்டிய சுண்ணாம்பைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு திரும்பினேன். ஓரின் மேலே இருந்து கூப்பிட்டார்.

"வெர்லா! பாதையெல்லாம் சரியா இருக்கா?"

"காலையில இருந்த மாதிரியே இருக்கு" என்றேன். அதற்கு அவர் கையை உயர்த்தினார்.

மற்றதை நீங்கள் திரையில் பார்த்திருக்கிறீர்கள். குதிரைகள் அழகாகத் திரும்பின. வண்டி உருண்டது. அவர் இருக்கையில் பாதி எழுந்து, கல்லைத் தேடித் தலையைச் சாய்த்துக்கொண்டே வந்தார். அது கேமராவுக்கு மிக நன்றாக அமைந்தது.

கீழே இறங்கிப் போனவர்கள் திரும்பி வர வெகுநேரம் ஆனது. ஹாலோரன் அழுதார்; அதைச் சொல்லத்தான் வேண்டும். இரண்டு நாள் கழித்து இரண்டு ஷாட்டையும் போட்டுப் பார்த்துவிட்டு, பொம்மை விழுந்ததைத் தூக்கிப் போட்டார். "பொம்மை பொம்மை மாதிரியேதான் விழுது" என்றார். ஓரின் விழுந்தது ஒன்பதாம் அத்தியாயத்தின் முடிவானது. பத்தாம் அத்தியாயத்துக்கு, நிறுத்திவைத்த வண்டியிலிருந்து ஃபேர்லியை மெத்தை மேல் குதிக்கவைத்து எடுத்தார்கள். ஐந்து டேக் ஆயிற்று. கணுக்கால் பிசகிவிட்டதாகச் சொல்லி அவர் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டார்.

பள்ளத்தில் விழும்போது பொம்மை கையை நீட்டி எதையோ பிடிக்கப் பார்ப்பது போல் இருக்கிறதே, அந்தக் காலத்தில் அதை எப்படிச் செய்தார்கள் என்றும் உங்கள் கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். சொல்லிவிட்டேன்.

என் கணவரைக் கொன்றது நான்தான். விபத்து என்று முடிவானது. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கோபத்தில் செய்யவில்லை. பழிவாங்கினேன் என்றும் சொல்லமாட்டேன். ஒருவர் ஒரு வாரம் பள்ளத்தில் விழுவதும் மறுவாரம் முன்பே குதித்திருந்ததாகச் சொல்வதும் எத்தனை காலம் நடக்கும்? யாராவது ஒருவர் இரண்டு காட்சிகளையும் பொருத்திப் பார்க்கத்தானே வேண்டும். அந்த வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம்.

இவ்வளவு எழுதிய பிறகு ஒரு சிறு விஷயத்தை விட்டுவிடுவது சரியில்லை. போன ஆண்டு எம்மெட்டின் கல்லறைப் பதிவுக்காக மாவட்ட அலுவலகத்திலிருந்து அவன் மரண அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கினேன். விசாரணையில் யாரும் அதைப் படித்துக் காட்டியிருக்கவில்லை. குடும்பத்தாருக்குப் படித்துக் காட்ட வேண்டாம் என்று ஓரின் கேட்டுக்கொண்டதாக ஓரத்தில் ஒரு குறிப்பு இருந்தது. எம்மெட்டின் நெஞ்செலும்பில் ஸ்டியரிங் வளையம் பதிந்த தடம் இருந்ததாகவும், வயிற்றில் விஸ்கி இருந்ததாகவும், ஓரின் பாதையின் வலப்பக்கத்தில், பயணி உட்காரும் கதவின் பக்கமாக விழுந்து கிடந்ததாகவும் அதில் போட்டிருந்தது.

மூன்று முறை படித்தேன். பிறகு என் நோட்டை எடுத்து, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் எழுதிய பக்கத்தோடு வரிவரியாக ஒப்பிட்டேன். முப்பத்திரண்டு படங்களில் என் நோட்டில் ஒரு பிழை இருந்ததாக யாரும் சொன்னதில்லை. ஆகவே அறிக்கையில் தவறாக இருந்த மூன்று வரிகளையும் கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். இப்போது எல்லாம் பொருந்துகிறது.